வழக்கமா

தஞ்சாவூரில் குழாய்க்குள் இருபது நிமிஷம் படுக்க வைத்தார்கள்.
கதிரடிக்கிற மெஷின் காதுக்குள் ஓடுகிற மாதிரி சத்தம்.
படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து
டாக்டரம்மா சொன்னார்:
சுருக்கம் இருக்கு, எழுபத்துமூணு வயசுக்குத் தக்க சுருக்கம்.
வேட்டியைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்தது.

பிறகு பேனாவைத் திறந்தார்.
"உங்க வாழ்க்கையில் ஒரு நாளைச் சொல்லுங்க."

சொன்னேன்.
வழக்கமா நாலரைக்கு எழுந்திருப்பேன்,
சைக்கிளில் ரெகுலேட்டருக்குப் போவேன்,
அளவுப் பலகையில் டார்ச் அடித்து
எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று நோட்டில் ஏற்றிவிட்டு
மதகைத் திருகணும் என்றால் லஸ்கரைக் கூப்பிடுவேன்

"வழக்கமா வேண்டாம்.
ஒரே ஒரு நாள்."

வாயைத் திறந்தேன்.
அரிச்சந்திரா நதியின் கடைசி ரெகுலேட்டர்,
முப்பத்துமூன்று வருஷம்,
பன்னிரண்டாயிரம் காலைகள்
ஒன்றன்மேல் ஒன்று வண்டலாகப் படிந்து
ஒரே காலையாகிக் கிடக்கின்றன.
பனி இருக்கிறது, எந்த மார்கழி என்று இல்லை.
லஸ்கர் இருமுகிறான்,
வைரக்கண்ணுவா, அவன் மகனா?

கடைமடைக்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை.
மேட்டூரில் திறந்த சேதி அன்றைக்கே வந்துவிடும்.
தண்ணீர் வர இருபது நாளாகும்.
சில வருஷம் சேதியோடு சரி.
எனக்குக் கல்யாணம் நடந்த சேதி இருக்கிறது.
பந்தியில் என்ன பாயசம், யார் கோபித்துக்கொண்டு எழுந்தது,
மூன்றாம் முடிச்சில் என் விரல் நடுங்கியதா,
அதையெல்லாம் வழியில் எந்த வயலோ குடித்துவிட்டது.

"எழுபத்தேழு புயல்" என்றேன் கடைசியில்.
நவம்பர். ராத்திரி. கழுத்தளவு தண்ணீர்.
ஒரு கை மதகுத் தூணை வளைத்திருக்கிறது,
மறு கையில் ஒரு கன்றுக்குட்டியின் காது.
உலகமே விறைத்துக் கிடக்க
காது மட்டும் சூடு.
விடிகிறவரை அதைத்தான் பிடித்திருந்தேன்.
டாக்டரம்மா நிறுத்தாமல் எழுதினார்.

துணைக்கு வந்த தங்கை தையல்நாயகி
வராண்டாவில் வைத்துக் கேட்டாள்:
"கன்னுக்குட்டியா? அது வைரக்கண்ணுல்ல?
நீ அப்ப திருச்சியில ட்ரெய்னிங்.
அஞ்சு நாள் கழிச்சு வந்தே.
அவன் சொல்லச் சொல்ல வாயைப் பொளந்துக்கிட்டு நின்னே."

நதிக்கு அரிச்சந்திரன் பேரை வைத்தவர்கள்
கரையில் வேலை பார்ப்பவனை யோசிக்கவில்லை.
நான் பொய் சொல்லவில்லை.
டீக்கடையில், சம்பந்தி வீட்டில்,
ரிட்டயர்மெண்ட் பார்ட்டியில் மைக் பிடித்து,
சொல்லிச் சொல்லி
எந்தத் தடவையிலோ அவன் கழுத்தை எடுத்துவிட்டு
என் கழுத்தை வைத்திருக்கிறேன்.
வைரக்கண்ணு போய்ப் பதினாறு வருஷம்.
திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.
கொடுத்தாலும்
விரலில் அந்தக் காதுச் சூடு இருக்கிறதே,
அதை எந்தக் கணக்கில் எழுத?

திரும்புகையில் நீடாமங்கலம் கேட்.
வழக்கமா மூடித்தான் கிடக்கும்.
முன் சீட்டுப் பெண் கிரைண்டர் குழவியைத்
துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்,
பஸ் நின்ற பிறகும் லேசாக ஆட்டிக்கொண்டு.
வெள்ளரிப்பிஞ்சு விற்ற பையனிடம் சில்லறை இல்லை,
இரண்டு ரூபாய் எனக்குத் தரவேண்டும்,
அடுத்த தடவை வாங்கிக்கச் சொன்னான்.
கூட்ஸ் வண்டி போயிற்று. எண்ணினேன்.
நாற்பத்திரண்டு பெட்டி.
நாற்பத்தொன்று என்றாள் தையல்நாயகி.
கண்டக்டரைக் கேட்டோம், அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை. மூணு ஐம்பது.
டிக்கெட்டின் பின்புறம் எழுதப் பேனாவை எடுத்தது கை,
அடியும் அங்குலமும் எழுதிப் பழகின கை.
வேண்டாமென்று பாக்கெட்டில் செருகினேன்.

அடுத்த மாதம் டாக்டரம்மா கேட்டால்
இந்த நாளைச் சொல்லலாம்.
பெட்டி நாற்பத்திரண்டு.
தையல்நாயகியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு.